நாலு மணிக் கரடி

பிப்ரவரி 3

மழைக்காட்டு நடைபயண வழிகாட்டி அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. உறவைக் குறிப்பிடுவது, யாரோ என்று நினைத்து உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக மட்டும்தான். மற்றபடி இதை ஒரு வாடிக்கையாளரின் கடிதமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

தாங்கள் ஆட்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய் மிருகங்களைக் காட்டுவதாக அறிகிறேன். எனக்கு ஒரு கரடியைப் பார்க்க வேண்டும். யானையோ குரங்கோ பறவையோ வேண்டாம். வழியில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான். கரடியும் உட்கார்ந்தோ தூங்கியோ இருந்தால் பயனில்லை. அது நடந்துபோவதைப் பார்க்க வேண்டும்.

டிசம்பரோடு மிருகக்காட்சி சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வயது அறுபது. வலது முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. ஜூன் மாதம் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு மலை ஏறுவதை மறந்துவிடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஆகவே அதற்குள் ஏற்பாடு செய்ய முடியுமா என்று தெரிவிக்கவும்.

தங்கள் அக்காவிடம் சொன்னேன். "ஆறு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசாத ரெண்டு பேரும் சேந்து கரடியப் பாக்கப் போறீங்களா? பாவம் அந்தக் கரடி" என்றாள். தங்களை நலம் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்குக் காப்பாளர்


பிப்ரவரி 14

ஐயா,

கடிதம் கிடைத்தது. முகாமில் தொலைபேசி எடுக்காது. மளிகை ஜீப் வாரத்துக்கு ஒரு முறை மலையடிவரை வரும், தபாலும் அதில்தான். தாமதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஏப்ரல் முதல் வாரம் இடம் இருக்கிறது. படிவம் இணைத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் பதில் வேண்டும். கடைசிக் கேள்வி 'ஏன் வருகிறீர்கள்?' அதைப் பலர் காலியாக விட்டு அனுப்புகிறார்கள். நான் அந்தப் படிவத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். படம் எடுக்க வருகிறவர் முன்னால் ஓடுவார். பந்தயம் கட்டிவிட்டு வருகிறவர் சத்தம் போடுவார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர் காலடியைப் பார்க்க மாட்டார். காரணம் தெரிந்தால்தான் யாரை எனக்குப் பின்னால் எத்தனையாவது ஆளாக நடக்க விடுவது என்று எனக்குத் தெரியும். வேறு வழியில் நான் வேலை செய்வதில்லை.

நான் நலம் என்று அக்காவிடம் சொல்லவும். கரடியைப் பற்றி அவள் சொன்னது சரிதான்.

வழிகாட்டி


பிப்ரவரி 22

வழிகாட்டி அவர்களுக்கு,

படிவத்துக்கான பதில்கள். இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது. சர்க்கரை இல்லை. நீச்சல் தெரியாது. பாம்பென்றால் பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு மாதம் பாம்புப் பிரிவில் வேலை பார்த்தேன். அது பதில் ஆகுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

எங்கள் கரடி ஜனவரி ஒன்பதாம் தேதி இறந்துவிட்டது. நான் ஓய்வு பெற்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆறு வருடத்துக்கு முன்பு அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றுதான், விருந்தாளிகள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஜெயில் வார்டனுக்கு இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்றீர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனேன். அந்தப் பேச்சை இப்போது எடுக்கவில்லை. கரடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பதிவேட்டில் அதற்கு ஓர் எண்தான். நாங்கள் டீச்சர் என்று கூப்பிடுவோம். பரீட்சை அறையில் டீச்சர் நடப்பதுபோல் கூண்டின் முன்பக்கம் எட்டு அடி நடக்கும், திரும்பும், எட்டு அடி நடக்கும். நாள் முழுக்க அதே வேலை. திரும்புகிற இரண்டு இடத்திலும் சிமெண்டுத் தரை குழிந்துவிட்டது. பார்க்க வருகிற பிள்ளைகள், "ஏன் இப்படியே நடக்குது?" என்று கேட்பார்கள். "கரடின்னா அப்படித்தான்பா நடக்கும். அதோட குணம் அது" என்பேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒருவர் சொன்னது. அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அந்தக் கரடியோடு இருந்த இருபத்திரண்டு வருடமும் இதையே சொன்னேன்.

அது செத்த பிறகு கூண்டைக் கழுவ ஆளில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அந்த இரண்டு குழியிலும் தண்ணீர் தேங்கியது. துடைப்பத்தால் தள்ளத் தள்ளத் திரும்பி வந்து தேங்கியது. காட்டில் ஒரு கரடி நடப்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நான் சொன்னது உண்மையாக இருந்தால் நிம்மதி. பொய்யாக இருந்தால், ஓர் உயிர் என் கண்ணெதிரே பட்ட வேதனையை இத்தனை வருடமும் அதன் குணம் என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். எது என்று தெரியாமல் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. காரணம் இதுதான்.

வி. காப்பாளர்


மார்ச் 2

ஐயா,

படிவம் ஏற்கப்பட்டது. என் பின்னால் முதல் ஆளாக நடப்பீர்கள்.

இந்த முறை வேறு யாரையும் சேர்க்கவில்லை. ஏப்ரல் 4 காலை ஜீப் உங்களை மலையடியில் இறக்கிவிடும். அன்று முகாம்வரை மூன்று மணி நேர நடை. மறுநாள் ஓடையை ஒட்டி மேலே. மூன்றாம், நான்காம் நாள் முழுக்க மறைவில் உட்காருவது. ஐந்தாம் நாள் இறக்கம். மாற்றுக் காலுறை ஆறு ஜோடி, அட்டைக்கு உப்பு, முட்டிக்குப் பட்டி. வாசனைச் சோப்பு, பவுடர், தைலம் எதுவும் பத்து நாள் முன்பிருந்தே கூடாது. கைக்கடிகாரத்தை முகாமில் கழற்றி வைத்துவிட வேண்டும். காட்டுக்குள் மணி பார்க்கிறவன் மிருகத்தைப் பார்ப்பதில்லை. தினமும் மாடிப்படி ஏறிப் பழகவும், முதுகில் ஐந்து கிலோ வைத்துக்கொண்டு.

கரடி வரும் என்று நான் எழுதித் தர மாட்டேன். பதினைந்து வருடத்தில் பதினொரு முறை பார்த்திருக்கிறேன். பாதி முறை அதன் பின்பக்கத்தைத்தான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சொன்னால் நீங்கள் வர வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். சொல்லாமல் இருந்தால் நான் யோக்கியன் இல்லை. நான் பார்த்த எந்தக் கரடியும் எட்டு அடி நடந்து திரும்பியதில்லை.

வழிகாட்டி


மார்ச் 12

வழிகாட்டி அவர்களுக்கு,

தங்கள் சாட்சியத்தை ஏற்பதற்கில்லை. ஆறு வருடம் முன்பே சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொல்லிவிட்டவர் இப்போது சாட்சி சொல்ல வந்தால் எப்படி? தவிர, பாதி முறை பார்த்தது பின்பக்கம் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். நானே என் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

மாடிப்படி ஏறுகிறேன். ஐந்து மாடி. முதுகில் ஐந்து கிலோ மாவு. மூன்றாவது மாடியில் குடியிருக்கும் தையல்கார அம்மா முதல் நாள் கதவைத் திறந்து பார்த்தார். இரண்டாம் நாள் ஒரு நாற்காலியை வெளியே போட்டு வைத்தார். நான்காம் நாள் தங்கள் அக்காவிடம் போய், "உங்க வீட்டுக்காரருக்கு வீட்ல எதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா, கரடி" என்று சொல்லியிருக்கிறாள் இவள். இப்போது படியில் யாரும் என் கண்ணைப் பார்ப்பதில்லை.

சோப்பை நிறுத்திவிட்டேன். படுக்கை கூடத்துக்கு மாறிவிட்டது. நானாக மாற்றவில்லை.

ஒரு சந்தேகம். கரடி எத்தனை மணிக்குச் சாப்பிடும்? எங்கள் டீச்சருக்குக் காலை எட்டு, மாலை நாலு. நாலு மணி வாளிச் சத்தம் கேட்டால் மட்டும் நடையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்து உட்காரும். காதைத் திருப்பி, கீழுதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறேன். இதையும் தாங்கள் சாட்சியத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வி. காப்பாளர்


மார்ச் 24

ஐயா,

பயணத்தை ஏப்ரல் 14க்குத் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. மேல் ஓடைப் பாதையில் மரம் விழுந்திருக்கிறது. வெட்டிச் சரி செய்ய வேண்டும்.

காட்டுக் கரடிக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது. கிடைத்தபோது சாப்பிடும்.

ஓடைக்கு அக்கரையில் ஒரு பட்ட மரம் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் நகக் கீறல் பார்த்தேன், புதிது. ஒரு பெண் கரடி அந்த வழியாகப் போகிறது என்று நினைக்கிறேன். வழக்கமாக நான் இப்படி எழுத மாட்டேன். இந்த முறை கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

அக்காவுக்குப் படுக்கையறை திரும்பக் கிடைக்க வாழ்த்துகள்.

வழிகாட்டி


ஏப்ரல் 25

வழிகாட்டி அவர்களுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. தங்கள் அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே நம் இருவரையும் ஒரே மூச்சில் திட்டினாள். ஆறு வருடத்தில் நம் இரண்டு பேரையும் அவள் சேர்த்துத் திட்டியது இதுதான் முதல் தடவை.

நன்றி. ஓடையைத் தாண்டும்போது என் பையையும் தாங்களே தூக்கிக்கொண்டதற்கு. வழுக்கிய இடத்தில் கையைப் பிடித்துவிட்டு, பிடித்ததையே கவனிக்காதது மாதிரி முன்னால் போனதற்கு. முகாம் சமையல்காரர் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்ட மொத்த வார்த்தைகளை எண்ணியிருப்பார் போலிருக்கிறது. கிளம்பும்போது என்னிடம், "நீங்க ரெண்டு பேரும் நல்லாப் பழகுவீங்க போல" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை.

கரடியைப் பார்த்தேன். மறைவிலிருந்து முப்பது அடி. நெஞ்சில் மஞ்சள் பிறை. எங்கள் டீச்சரைவிட இளையது. அது பட்ட மரத்தண்டை வந்து நின்றபோது தாங்கள் என் காதருகே, "அத்தான், பாத்தீங்களா?" என்றீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டு ஆறு வருடம் ஆகிறது. தங்கள் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அதனால்தான் அங்கே வாயைத் திறக்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

எத்தனை நாளாகச் சோறு வைத்தீர்கள்?

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் கடிகாரத்தை முகாமில் கழற்ற வைத்தவர், மறைவில் உட்கார்ந்து மூன்று தடவை தன் பைக்குள் கையை விட்டு மணி பார்த்தார். கரடி வந்தபோது மோப்பம் பிடித்துக்கொண்டு வரவில்லை, தெரிந்த இடத்துக்கு வருவதுபோல நேராக வந்தது. வந்ததும் மரத்தின் இடது பக்கப் பொந்தில் கையை விட்டது, வேறெங்கும் தேடவில்லை. நக்கி முடித்ததும் உட்கார்ந்தது. அப்போது தாங்கள் தண்ணீர் குடிக்கப் புட்டியின் மூடியைத் திருகினீர்கள். அந்தச் சத்தத்துக்கு அது காதைத் திருப்பி, கீழுதட்டைத் தொங்கப் போட்டு, நாம் இருந்த பக்கம் பார்த்தது. அந்த முகத்துக்கு நான் இருபத்திரண்டு வருடம் வாளி தூக்கியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

நான் பார்க்க வந்தது அது இல்லை. அதைப் பார்க்க எனக்கு மலை ஏறத் தேவையில்லை.

வி. காப்பாளர்


மே 3

ஐயா,

காட்டில் பழம் உதிரும். தேன்கூடு உடையும். ஒரு கரடி ஒரு மரத்துக்குத் திரும்பத் திரும்ப வர ஆயிரம் காரணம் உண்டு. உங்களுக்குக் கூண்டுதான் தெரியும் என்பதால் எல்லாமே கூண்டாகத் தெரிகிறது.

பதினைந்து வருடத்தில் என் வேலையை யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

வழிகாட்டி


மே 6

அத்தான்,

மூன்றாம் தேதி எழுதியதும் இதுவும் ஒரே ஜீப்பில்தான் வரும். அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி தொடங்கினேன். பதினைந்து நாள். பாதையில் மரம் விழவே இல்லை. முதல் நாலைந்து நாள் தேன் மட்டும், பிறகு பழமும். பொந்தில் தடவி வைப்பேன். தேன் டப்பா பழையது, மூடியைத் திருகினால் கிறீச்சிடும். நேரம் தப்பக் கூடாது என்று நாலு மணி வைத்துக்கொண்டேன். நாலு மணி என் தலையில் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசிக்கிறேன், உங்கள் மார்ச் கடிதத்திலிருந்துதான்.

ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள், நானே சொல்கிறேன். உங்கள் படிவத்தைப் படித்த பிறகு நீங்கள் ஒன்றும் பார்க்காமல் திரும்பிப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மற்றவர்கள் வெறுங்கையோடு இறங்கும்போது, "காடு உங்க வீட்டு டிவி இல்ல" என்று சொல்லி அனுப்புகிறவன் நான். அன்று நாக்கில் நரம்பில்லாமல் உங்களைப் பேசினேன். பேசியது தப்பு என்று மறுநாளே தெரியும். ஒரு கரடியைக் காட்டிவிட்டால் அது சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதை எழுதக் காரணம் அது மட்டுமில்லை. நீங்கள் போன பிறகு நிறுத்திவிட்டேன். அது வந்துகொண்டேயிருக்கிறது. பொந்தில் கை விட்டுப் பார்க்கும், உட்காரும், மறைவைப் பார்க்கும். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நாலு தடவை மறுபடி வைத்தேன். ஒரு வாரமாக அறவே வைக்கவில்லை. முந்தாநாள் முகாமுக்கே வந்து அரிசிப் பெட்டியை உடைத்துவிட்டது. சமையல்காரர் மரத்தில் ஏறித் தப்பித்தார். வேலையை விட்டுப் போவதாகச் சொல்கிறார்.

நேற்று மறைவில் இருந்து பார்த்தேன். மரத்துக்கு முன்னால் நடக்கிறது அத்தான். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. ஒன்பது அடி. திரும்பி ஒன்பது அடி. ஒரு மணி நேரம். சுற்றிலும் எத்தனையோ மைல் காடு. ஒரு கம்பி கிடையாது.

அரிசிப் பெட்டி விஷயம் வன அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஆளைத் தேடி வருகிற கரடியைக் காட்டில் விட்டுவைக்க மாட்டார்கள். இன்னொரு தடவை வந்தால் மயக்க ஊசி போட்டுப் பிடிப்பார்கள். பிடித்தால் எங்கே அனுப்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கூண்டு காலியாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வது?


மே 12

மாப்பிள்ளை,

இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதைத் திருப்பிப் படிக்க நேரமில்லை. தபாலை நம்பாமல் ஜீப்காரரை வழியில் பிடித்துக் கையில் கொடுத்தனுப்புகிறேன். சொல்கிறபடி செய்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரு துளி வைக்காதே. பத்து நாளைக்கு ஒரு தடவை இரக்கப்பட்டு வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். தினம் கிடைப்பது நின்றால் மறந்துவிடும். எப்போதாவது கிடைப்பதை மறக்கவே மறக்காது. நீ வைத்த அந்த நாலு தடவைதான் அதை நடக்க வைக்கிறது.

பட்ட மரத்தை அறுத்து ஓடையில் தள்ளிவிடு. பொந்து இருந்த துண்டை எரித்துவிடு. முகாமில் சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் தகரப் பீப்பாயில் போட்டு மரத்தில் உயரக் கட்டு.

இனி கடினமான வேலை. மறைந்திருந்து பார்க்கக் கூடாது. அது வருகிற நேரத்துக்கு வெளியே வந்து நில். உன் வாசனையும் உன் உருவமும் அதற்குத் தெரிய வேண்டும். அதே தேன் டப்பாவை எடு. மூடியைத் திருகு. காதைத் திருப்பும். திருப்பிய உடனே டப்பாவைக் கல்லால் அடித்துக் கத்து. போகாவிட்டால் கல்லை அதன் பக்கம் எறி. அப்படியும் போகாவிட்டால் அதன் மேலேயே எறி, பிட்டத்தில் படும்படி. சமையல்காரரையும் இன்னும் இரண்டு ஆளையும் கூட வைத்துக்கொள், தனியாகச் செய்யாதே. தினமும் செய். அதற்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போக வேண்டும். உன்னைப் பிடிக்காமல் போக வேண்டும். மனிதனைப் பார்த்தால் ஓட வேண்டும்.

எனக்கு இந்த வேலை தெரியாது. எனக்குத் தெரிந்த வேலையைத் தலைகீழாகத் திருப்பி எழுதியிருக்கிறேன். சரியாகத்தான் இருக்கும்.

நான் தேடி வந்த பதிலையும் நீ அனுப்பிவிட்டாய். அது கரடியின் குணம் இல்லை. இத்தனை நாளும் கம்பியின் மேல் பழியைப் போடலாம் என்று ஓர் ஓரத்தில் ஆசை வைத்திருந்தேன். கூண்டைக் கட்டியது நான் இல்லையே. உன் கரடிக்குக் கம்பியே இல்லை. ஒருத்தன் வருவான், கையில் கொண்டுவருவான் என்று பழகிப்போய், அவன் வரும்வரை நடக்கிறது. டீச்சருக்கு அந்த ஒருத்தன் நான்.

உன்னைத் திட்டவில்லை. திட்டினால் என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். உன் அக்கா பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "அவன ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க, கரடி திருப்பி அடிச்சுடப் போகுது" என்கிறாள்.

அத்தான்


ஜூன் 9

அத்தான்,

உங்கள் கடிதம் கிடைத்து இருபத்துமூன்று நாள் எழுத முடியவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்பதால் அல்ல.

முதல் நாள் டப்பாவை அடித்தபோது அது ஓடவில்லை. ஏதோ புதிதாக விளையாடுகிறேன் என்று நினைத்ததோ என்னவோ, உட்கார்ந்து பார்த்தது. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். மரம் இருந்த இடத்தில் மண்ணைத் தோண்டியது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கல் எறிந்தேன். தோளில் பட்டது. பிட்டத்தில் எறிய நினைத்தேன், கை அப்படிப் போய்விட்டது. ஒரு சத்தம் போட்டது. கரடி அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சமையல்காரர், "போதும் சார், விட்டுடுங்க" என்றார். மறுநாளும் வந்தது. மறுநாளும் எறிந்தேன்.

எட்டாம் நாள் ஓடைக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து வரவில்லை. நான் மட்டும் நாலு மணிக்குப் போய் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன், பத்து நாள். வந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. ஒரே ஒரு தடவை வந்தால் தேவலையே என்றும் இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

வன அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து மூன்று நாள் தங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் காணாமல் கோப்பை மூடிவிட்டதாகச் சொல்லிப் போனார்கள்.

முந்தாநாள் மேல் மேட்டில், முகாமிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் அதைப் பார்த்தேன். தோளில் முடி முளைக்காத தழும்பு, அதுவேதான். என் வாசனை பட்டதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டது. நீங்கள் சொன்னபடிதான் ஆயிற்று. நான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். பதினைந்து வருடமாக இந்த மிருகங்களுக்கு நான் வேண்டியவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுவைச் சிகிச்சை எப்போது? நல்லபடி முடிந்து கால் சரியானால் மறுபடி வாருங்கள். இந்த முறை எதையும் காட்ட மாட்டேன். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.


ஜூன் 16

மாப்பிள்ளை,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நாளைக் காலை ஏழு மணிக்குக் காலைத் திறக்கிறார்கள். உன் அக்கா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு வந்த ஆரஞ்சையெல்லாம் உரித்து உரித்து அவளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பதற்றம் வந்தால் அவளுக்கு அப்படி.

மறுபடி வரச் சொல்கிறாய். மருத்துவரிடம் இன்று திரும்பவும் கேட்டேன். "வீட்டுப் படி ஏறலாம், அதோட சரி" என்றார். ஆகவே இனி நான் வரப்போவதில்லை. நீ வருத்தப்பட வேண்டாம். காட்சி சாலையிலிருந்து போன வாரம் ஆள் அனுப்பியிருந்தார்கள். காலியான கூண்டில் வேறொரு கரடி வைக்கலாமா, பழைய ஆள் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள். வேண்டாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். கேட்பார்களா தெரியாது. ஆனால் எழுதிக் கொடுத்தேன்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். கல் எறிந்ததை எழுதியிருக்கிறாய், அழுததை எழுதியிருக்கிறாய். ஓடிவிட்டது என்று மட்டும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். நான் மலை ஏறி வந்தது அதற்குத்தான். அது எப்படிப் போயிற்று? காலை எப்படி வைத்தது? எந்தப் பக்கம் போயிற்று? ஒன்று விடாமல் எழுது. பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்தாய் என்றாலும் பரவாயில்லை. நீ எழுதினால் நான் நம்புகிறேன்.

அத்தான்


ஜூன் 24

அத்தான்,

கால் எப்படி இருக்கிறது என்று அக்காவை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

காலை வேளை. மணி தெரியாது, கடிகாரத்தை முகாமிலேயே விட்டுவிட்டேன். ஐம்பது அடி தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் அழுகிய கட்டையைக் கிழித்துக் கறையான் தின்றுகொண்டிருந்தது. காற்று திரும்பியது. கையை அப்படியே நிறுத்தியது. மூக்கைத் தூக்கியது. தலையைத் திருப்பி என்னைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையிருக்கவில்லை. முதலில் நாலைந்து எட்டு நடந்தது, வேகமாக. முன்னங்கால் இரண்டையும் உள்பக்கமாகத் திருப்பி வைத்து, அவசரமாகப் படி இறங்குகிற குண்டு ஆள் மாதிரி. பிறகு ஓட்டம். ஓடும்போது பின்பக்கம் தலையைவிட உயரமாக எழும்பியது, வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். குறுக்கே ஒரு சின்ன ஓடை. தாண்டவில்லை, உள்ளே விழுந்து, உதறிக்கூடக் கொள்ளாமல் அக்கரையில் ஏறியது. அதற்குமேல் செடி அடர்த்தி, கண்ணுக்குத் தெரியவில்லை. கிளை முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. மேட்டின் மேலே, பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கம், பிறகு அதையும் தாண்டி. சத்தம் அடங்கும்வரை நின்று கேட்டேன்.

நேராகப் போனது அத்தான். எங்கேயும் திரும்பவில்லை.